நடைபாதைக்கு முன்னால் குழாய்க் கசிவுக்கு நிதி கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீர் சேமிப்பு, நீர்நிலை மீட்பு என்று மத்திய, மாநில அரசுகளிடம் நிதி கேட்டு நம் ஊர்கள் அனுப்பும் திட்டங்களைப் பற்றி உங்கள் நாளிதழில் வரும் செய்திகளை ஒன்று விடாமல் படிக்கிறவன் நான். நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது மதுரையில் இருக்கிறேன். எத்தனை கோடி என்பதை விட, அதை எதற்குக் கேட்கிறார்கள் என்பதில்தான் என் கண் போகும். நடைபாதை, சைக்கிள் பாதை, நீரூற்று, செல்ஃபி எடுக்க ஓர் இடம். தண்ணீரைச் சேமிக்கும் வேலை எங்கே என்று பட்டியலில் தேட வேண்டியிருக்கிறது.

மானியம் என்றதும் இனாம் என்ற நினைப்பு பலருக்கு. நகரங்களின் குடிநீர், நீர்நிலை வேலைகளுக்கு மத்திய அரசு நிதி தர 2021 அக்டோபரில் தொடங்கிய அம்ருத் 2.0 திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 10 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள மதுரை மாதிரி நகரங்களுக்கு மத்திய அரசு தருவது திட்ட மதிப்பில் 25 சதவீதம்தான். 1 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை உள்ள ஊர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, அதற்கும் சின்ன ஊர்களுக்குப் பாதி. மிச்சத்தை மாநில அரசும் உள்ளாட்சியும் போட வேண்டும். உள்ளாட்சி போடும் பங்கு பெரும்பாலும் கடன். அந்தக் கடனை அடைப்பது நம் வரியும் குடிநீர்க் கட்டணமும்தான். ஆகவே எதற்குக் கேட்கிறீர்கள் என்று கேட்க நமக்குப் பாத்தியதை உண்டு.

அதே அம்ருத் விதிகளில் ஒரு நல்ல அம்சம் இருக்கிறது. கணக்கில் வராமல் போகும் தண்ணீரை 20 சதவீதத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று அதில் இலக்கு வைத்திருக்கிறார்கள். நீரேற்று நிலையத்திலிருந்து புறப்பட்ட தண்ணீருக்கும், கட்டணக் கணக்கில் வந்த தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் அது. கசிவு, திருட்டு இணைப்பு, கணக்கில்லாத குழாயடி எல்லாம் அதில் அடக்கம். நம் நாட்டின் பல நகரங்களில் மூன்றில் ஒரு பங்கு இப்படிப் போகிறது என்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குப் புதிய செய்தி இல்லை. முல்லைப் பெரியாறு ஆற்றுத் தண்ணீரை தேனி மாவட்டம் லோயர் கேம்பிலிருந்து மதுரைக்குக் கொண்டுவரும் திட்டத்தின் அளவு நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர். மலையடிவாரத்திலிருந்து அத்தனை செலவு செய்து கொண்டுவந்து, ஊருக்குள் மூன்றில் ஒரு பங்கை இப்படிக் கணக்கில்லாமல் விட்டால், அது 4 கோடி லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் லாரியில் அளந்தால் தினமும் 3,400 லோடுக்கும் அதிகம்.

கசிவு கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ரோட்டில் ஊற்றாகக் கிளம்புவது கொஞ்சம். மீதி பக்கத்து மழைநீர் வாய்க்காலிலோ பாதாளச் சாக்கடையிலோ சத்தமில்லாமல் இறங்கிவிடும். நான் வேலை பார்த்த ஓர் ஊரில் (பெயர் வேண்டாம்) ஒரு முச்சந்தி வாய்க்காலில் கோடையிலும் தெளிந்த தண்ணீர் ஓடும். ஊற்று என்று சொல்லி அதில் துணி துவைத்தார்கள். அந்தப் பகுதிக்கு நள்ளிரவுக்கு மேல்தான் வால்வு திறப்போம். போக்குவரத்து அடங்கியதும் இரும்புக் கம்பியின் ஒரு முனையை வால்வுத் தண்டில் வைத்து, மறுமுனையில் காதை வைத்துக் கேட்டால் உஸ்ஸென்று ஒரு சீறல். தோண்டினோம். சணல் திணித்து ஈயம் உருக்கி ஊற்றிய பழைய வார்ப்பிரும்புக் குழாயின் மூட்டு, லாரி போய்ப் போய் விலகியிருந்தது. அடைத்த வாரமே, கடைசித் தெருவில் குடத்தோடு காத்துக் கிடந்தவர்களுக்கு வீட்டுக் குழாயில் தண்ணீர் ஏறியது. செலவு ஈயமும் சணலும் ஆள் கூலியும். அதே ஊர் மானியத்தில் கட்டிய நீரூற்று திறப்பு விழாவுக்குப் பிறகு அதிக நாள் ஓடவில்லை.

இன்னொரு சங்கதி. தண்ணீர் விட்டு விட்டு வரும் ஊரில், குழாய் காலியாக இருக்கும் நேரத்தில் அந்தக் கசிவு ஓட்டை வழியாகவே சாக்கடை உள்ளே வரும். வீட்டுக்கு வீடு மோட்டார் போட்டு உறிஞ்சினால் இன்னும் வேகமாக வரும். கோடையில் ஒரு தெருவே வயிற்றுப்போக்கில் படுப்பதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.

ஒடிசாவின் புரி நகரில் 2021 ஜூலை முதல் 24 மணி நேரமும் குழாயில் தண்ணீர் வருகிறது, அப்படியே பிடித்துக் குடிக்கலாம். வீட்டுக்கு வீடு மீட்டர். அளவெடுப்பதும் தண்ணீரைச் சோதிப்பதும் 'ஜல்சாத்தி' என்ற பெயரில் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். இங்கே மீட்டர் என்று வாயைத் திறந்தாலே கட்டணக் கொள்ளை என்று கொடி பிடிப்பார்கள். சரி, வீட்டு மீட்டரை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டியின் வாயிலும், ஒவ்வொரு வார்டுக்குள் நுழையும் பிரதானக் குழாயிலும் மொத்த அளவு மீட்டர் பொருத்த நிதி கேளுங்கள். இதற்கு யார் வீட்டுக்கும் பில் போகாது. எந்த வார்டு அளவுக்கு மீறித் தண்ணீர் இழுக்கிறது, எங்கே கசிவைத் தேட வேண்டும் என்று ஓரளவு தெரிந்துவிடும். அம்ருத் நிதியும் 20, 40, 40 சதவீதம் என்று மூன்று தவணையாகத்தான் வருகிறது. அடுத்த தவணை கேட்கும்போது காட்டுவதற்குக் கையில் ஒரு கணக்கு இருக்கும்.

கண்மாய்க்குப் பணம் கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்ணீர் வரும் வரத்துக் கால்வாய், திறந்துவிடும் மடை, மிகை நீர் வெளியேறும் கலுங்கு என்ற வரிசையில் கேளுங்கள். மதுரையில் திருமலை நாயக்கர் வெட்டிய மாரியம்மன் தெப்பக்குளம் வருஷக்கணக்காகப் பையன்கள் கிரிக்கெட் ஆடும் மைதானமாகக் கிடந்தது. தைப்பூசத் தெப்பத்துக்கு மட்டும் பம்ப் செட் வைத்து நிரப்புவார்கள். பனையூர் கால்வாயைச் சரிசெய்து வைகைத் தண்ணீரைத் திருப்பியதும் குளம் நிறைந்தது. வண்டியூர்க் கண்மாய்க்கு சாத்தையாற்றுப் பக்கமிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கண்மாய்கள் நிரம்பித்தான் தண்ணீர் வர வேண்டும். நடுவில் ஒரு கால்வாய் அடைபட்டால், கரையில் எத்தனை விளக்கு போட்டு என்ன? 2024 அக்டோபர் 25-ஆம் தேதி மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததற்கும், போக வேண்டிய வழி இல்லாததுதான் காரணம். 2025-இல் முதல்வர் வந்தபோது பந்தல்குடி வாய்க்காலைத் துணி கட்டி மறைத்தார்களே, அந்த வாய்க்காலின் சாக்கடை வைகைக்குப் போகாமல் தடுப்பதையும் நீர் சேமிப்பில்தான் சேர்ப்பேன்.

கேட்பது ஒன்றுதான். 2022-லிருந்து நகரங்களில், வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகளுக்கு விதி இருக்கிறது. நிதி கேட்டு அனுப்பும் திட்ட அறிக்கையின் வேலைப் பட்டியலை, தொகையோடு, தமிழில் இரண்டு பக்கத்துக்குச் சுருக்கி, அனுப்புவதற்கு முன்பே பகுதி சபைகளில் வையுங்கள். வார்டில் வால்வு திறக்கும் தொழிலாளியையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். எந்தக் குழாய் எந்த வருஷம் புதைத்தது, எங்கே ஒட்டுப் போட்டது என்பதெல்லாம் பல ஊர்களில் வரைபடத்தில் இல்லை, அவர் தலைக்குள்தான் இருக்கிறது. அவரும் ஓய்வு பெற்றுப் போய்விட்டால் ரோட்டைத் தோண்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடிநீர்ப் பிட்டர்,
மதுரை.