கம்பமெட்டு ஏறுகிற ஜீப்காரர்களுக்கும் மற்றவர்களுக்கும்

நேற்று ராத்திரி சூப்பர் கம்ப்யூட்டரில் என் கடைசி ரன்னும் முடிந்தது. கம்பம் பள்ளத்தாக்குக்கும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கும் நடுவில் டெங்கு எப்படிப் போய் வருகிறது என்று மூன்று வருடமாகக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆய்வுக் கட்டுரையில் நன்றி சொல்ல நாலு வரிதான் இடம், அதுவும் இங்கிலீஷில். சேர வேண்டியவர்களுக்கு அது போய்ச் சேராது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

என்ன வேலை என்று கேட்காமலேயே உதவி செய்தவர்கள்தான் அதிகம், இப்போதாவது சொல்லிவிடுகிறேன். தேனி, இடுக்கி இரண்டும் சேர்த்து 2011 கணக்கெடுப்புப்படி 23 லட்சம் பேருக்கு மேல். அத்தனை பேரையும் கம்ப்யூட்டருக்குள் தனித்தனி ஆளாக வைத்து, யார் எங்கே தூங்குகிறார், பகலில் எங்கே இருக்கிறார், கொசு யாரைக் கடிக்கிறது என்று ஒவ்வொரு நாளாக நகர்த்திப் பார்ப்போம். ஒரு தடவை ஓட்டினால் எதுவும் சொல்ல முடியாது. மழையை மாற்றி, கொசுவின் ஆயுசை மாற்றி ஆயிரக்கணக்கில் ஓட்ட வேண்டும், அதற்குத்தான் சூப்பர் கம்ப்யூட்டர்.

முதல் வருடம் நான் போட்ட கணக்கு தப்பு. தமிழ்நாட்டுக்கு ஒரு கோப்பு, கேரளாவுக்கு ஒரு கோப்பு என்று தகவல் தனித்தனியாக வந்தது. அதை அப்படியே உள்ளே கொடுத்ததில் இரண்டு மாநில எல்லையில் இருக்கிற கம்பமெட்டில் சுவர் வைத்த மாதிரி ஆகிவிட்டது, ஒரு ஆள்கூட அந்தப் பக்கம் போகவில்லை. விடியற்காலையில் மலைத் தோட்ட வேலைக்குப் போக ஜீப்புக்கு நிற்கிற கூட்டத்தைப் பார்த்தே வளர்ந்த நான் இதைச் செய்தேன். டெங்கு கொசு பகலில் கடிக்கிற கொசு. பகலில் ஆள் மலையில் காய் எடுத்துக்கொண்டிருக்கிறார், காய்ச்சல் வருவது நாலு நாளிலிருந்து பத்து நாள் கழித்து, கீழே வீட்டில். பதிவேட்டில் ஏறுவது வீட்டு விலாசம், புகை அடிப்பதும் அந்தத் தெருவில்தான். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருக்கிற பரம் பிரவேகா சூப்பர் கம்ப்யூட்டரின் வேகம் 3.3 பெட்டாஃப்ளாப், அதாவது நொடிக்கு 3,300 லட்சம் கோடிக் கணக்கு. அப்படிப்பட்ட மெஷினில் போட்டிருந்தாலும் அந்தச் சுவர் தானாக இடிந்திருக்காது.

இடித்தது ஜீப் ஓட்டுகிற அண்ணன். யார் எந்த எஸ்டேட்டுக்கு எத்தனை நாள் வந்தார் என்று வாடகைக் கணக்குக்காக அவர் எழுதி வைத்திருந்த நீள நோட்டு மூன்றைத் தூக்கிக் கொடுத்தார். ஓரமெல்லாம் டீசல் கறை. ஆட்களின் பெயர் வெளியே போகக் கூடாது என்று நான் தயங்கியபோது, பிளஸ் டூ படிக்கிற அவர் மகள் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பெயருக்குப் பதில் எண் போட்டு முழுவதையும் வேறு தாளில் எழுதிக் கொடுத்தாள். எழுத்து அச்சடித்த மாதிரி. தங்கச்சி, என் தரவிலேயே பிழை இல்லாத பகுதி உன்னுடையதுதான்.

அடுத்து, கீழே சுகாதார நிலையத்தில் இருக்கிற சார். ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். மறுவாரம் போனால் காய்ச்சல் பதிவேட்டில் விலாசத்துக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, 'வேலை எங்கே' என்று ஒரு கட்டம் கூடுதலாக இருந்தது. யாரும் உத்தரவு போடவில்லை, அவராகச் செய்தார்.

மேலே நெடுங்கண்டம் பக்கத்தில் ஆஷா பணியாளராக, அதாவது ஊர்ச் சுகாதாரப் பணியாளராக இருக்கிற சேச்சியை எப்படி மறப்பேன். மழையில் என்னைத் தோட்டத்துக்குள் கூட்டிப் போய், மருந்து கலக்குகிற டிரம்மின் மூடியைத் திருப்பி, அதில் தேங்கிய ஒரு கை தண்ணீரைக் காட்டி "கூத்தாடி" என்றார். நெளிந்துகொண்டிருந்த கொசுப்புழுக்கள். அந்த ஊரில் அதற்கு அதுதான் பெயர். ஞாயிற்றுக்கிழமை டிரை டே என்று வீடுகளில் தண்ணீரைக் கொட்டுகிறார்கள், தோட்டத்து மூடியை யார் திருப்புவது என்று சேச்சி கேட்ட கேள்வியைத்தான் பிறகு என் கம்ப்யூட்டர் மாடலில் வைத்தேன்.

அப்புறம், சூப்பர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிற அட்மின் சார். என் ரன் ஒவ்வொன்றும் நாளுக்கு ஒரு குட்டிக் கோப்பாக எழுதித் தள்ளி, லட்சக்கணக்கில் சேர்ந்து, எல்லாருக்கும் டிஸ்க் திணறிவிட்டது. என் அக்கவுண்டையே முடக்கியிருக்கலாம். ராத்திரி பதினொரு மணிக்குப் போன் போட்டு, எல்லாவற்றையும் ஒரே கோப்பாக மூட்டை கட்டுவது எப்படி என்று ஒரு மணி நேரம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

சுவர் போன பிறகு மாடலில் தொற்று மலையில் ஆரம்பித்து வீட்டுக்கு இறங்குகிறது, பதிவேட்டில் காய்ச்சல் ஏறி இறங்குகிற வாரங்களோடு முன்னைவிட நெருங்கியும் வருகிறது. படங்களைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சடித்து இரண்டு பக்கத்து சுகாதார நிலையத்துக்கும் கொடுக்கப் போகிறேன்.

அண்ணே, ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருகிறேன். நோட்டு மூன்றும் பத்திரமாக இருக்கிறது, கையோடு கொண்டு வருகிறேன்.