அதே எண், வேறு நிறம்: ஃபவுண்டேஷன் ஷேடு குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். திருப்பூரில் உள்ள எங்கள் அழகுப்பொருள் கடையின் அலமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஃபவுண்டேஷன் (முகத்தில் பூசும் நிறப்பூச்சு) ஷேடு அட்டவணையை, அதாவது ஒரு கம்பெனியின் எண்ணுக்கு இன்னொரு கம்பெனியில் எந்த எண் பொருந்தும் என்று காட்டிய தாளை, இந்த வாரம் எடுத்துவிட்டோம். அதைப் பார்த்தே பாட்டில் வாங்கிப் பழகியவர்கள் பலர் என்பதால், காரணத்தைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

தை மாதத்தில் ஒரு மணப்பெண் வழக்கமாகப் போடும் ஷேடு எங்களிடம் இருப்பு இல்லாததால், அட்டவணையை நம்பி வேறு கம்பெனியின் பாட்டிலைக் கொடுத்தோம். மறுநாளே அவருடைய அம்மா வந்து, "ஏனுங்க, கடைக்குள்ள சரியாத்தானுங்க இருந்துச்சு, வாசல்ல நின்னு பாத்தா மூஞ்சி மட்டும் சாம்பல் பூசுன மாதிரி தெரியுதுங்க" என்றார். உண்மைதான்; முகம் ஒரு நிறமாகவும் கழுத்து ஒரு நிறமாகவும் இருந்தன. பிழை எங்களுடையது, பணத்தைத் திருப்பிக் கொடுத்து, பெண்ணை நேரில் வரவழைத்து வேறு ஷேடு பார்த்துத் தந்தோம்.

ஷேடு என்பதில் இரண்டு செய்திகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, நிறம் எவ்வளவு வெளிர் அல்லது அடர் என்பது. மற்றொன்று, தோலுக்கு அடியில் தெரியும் மஞ்சள் அல்லது இளஞ்சிவப்புச் சாயல், அதாவது அண்டர்டோன். எண்களை ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்கிறது. எழுத்துகளோ இன்னும் குழப்பமானவை. லோரியல் ட்ரூ மேட்ச், எஸ்டீ லாடர் போன்றவற்றில் 'சி' என்றால் இளஞ்சிவப்புச் சாயல், 'டபிள்யூ' என்றால் பொன்மஞ்சள் சாயல். மேக் கம்பெனியில் இது தலைகீழ்: 'என்சி' என்பது மஞ்சள் சாயல் தோலுக்கும், 'என்டபிள்யூ' என்பது இளஞ்சிவப்புச் சாயல் தோலுக்கும் உரியது. ஆகவே என்சி 42 போடும் ஒருவர், 'சி' என்ற எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போனால், எதிர்ச்சாயலைத்தான் வாங்கி வருவார்.

எழுத்து சரியாக அமைந்தாலும் வெளிச்சம் ஏமாற்றும். இதை நம் ஊரில் விளக்கவே வேண்டியதில்லை. சாயப்பட்டறையிலிருந்து வரும் லேப் டிப் துணியை, அதாவது சாயமிட்ட மாதிரித் துண்டை, பலவகை விளக்குகள் உள்ள லைட் பாக்ஸில் வைத்து, பகல் வெளிச்சமான டி 65இல் ஒருமுறையும் கடை வெளிச்சமான டிஎல் 84இல் ஒருமுறையும் பார்த்த பிறகுதான் ஏற்றுமதி ஆர்டர்களைக் கவனிக்கும் நம் மெர்ச்சண்டைசர்கள் ஒப்புதலுக்கு அனுப்புகிறார்கள். ஃபவுண்டேஷனின் நிறமும் டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளையையும், மஞ்சள், சிவப்பு, கருப்பு இரும்பு ஆக்சைடுகளையும் கலந்து வருவதே. இரண்டு கம்பெனிகளின் கலவை விகிதம் வேறுபடும்போது, டியூப்லைட்டில் ஒன்றுபோலத் தெரிந்த இரண்டும் வெயிலில் பிரிந்து நிற்கும்.

பூசியவுடன் முடிவெடுப்பதும் தவறு. அதிலுள்ள நீர் ஆவியாகி, தோலின் எண்ணெயோடு நிறமி கலந்த பின் பெரும்பாலும் சற்று அடர்ந்துதான் நிற்கும். ஆகவே கால் மணி நேரமாவது பொறுத்துப் பார்க்க வேண்டும்.

இனி எங்கள் கடையில் உங்கள் பழைய பாட்டிலைக் கொண்டுவரச் சொல்வோம். அதை நன்றாகக் குலுக்கி, தாடை ஓரத்தில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் புதியதை மூன்று ஷேடுகளில் கோடிட்டு, கடை வாசலின் நிழல் வெளிச்சத்தில் கழுத்தோடு சேர்த்துப் பார்ப்போம். எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் தோலோடு கரைகிறதோ அதுவே உங்களுடையது. மணிக்கட்டில் பார்க்க மாட்டோம், ஏனெனில் கையின் நிறம் முகத்தின் நிறமல்ல. இரண்டு ஷேடுகளுக்கு நடுவில் உங்கள் நிறம் அமைந்தால், ஒரே வகையில் இரண்டையும் வாங்கிக் கலந்துகொள்வதைப் பரிந்துரைப்போம். செலவு கூடுதல் என்பதை மறைக்க மாட்டோம்.

மணப்பெண்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். ஈரோட்டு மஞ்சளின் நிறம் தோலில் எவ்வளவு பிடிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். நலங்கு வைத்த கையோடு ஷேடு பார்க்க வந்தால், மஞ்சள் ஏறிய முகத்துக்குத்தான் நாங்கள் பொருத்துவோம். மஞ்சள் இறங்கியபின் அந்த ஷேடு பொருந்தாது. எனவே மஞ்சள் பூசத் தொடங்கும் முன்பே வந்துவிடுங்கள். சிறு டப்பாவில் இரண்டு நாளுக்கான மாதிரி தருகிறோம். வீட்டிலும் வெயிலிலும் போட்டுப் பார்த்தபின் பாட்டில் வாங்கினால் போதும்.

வாசலில் வெளிச்சம் நன்றாக விழும் நேரம் காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை. ஷேடு பார்க்க அந்த நேரத்தில் வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளரும் பணியாளர்களும்