தென்மேற்கு வில்லோ ஈப்பிடிப்பானைத் தொடர்ந்து கண்காணிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
டூசான் வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள்,
அரிசோனா.

பெறுநர்:
மண்டல இயக்குநர் அவர்கள்,
அமெரிக்க மீன் மற்றும் வனவிலங்குச் சேவை,
தென்மேற்கு மண்டலம்,
ஆல்புகர்க்கி, நியூ மெக்சிகோ.

பொருள்: வில்லோ ஈப்பிடிப்பான் கணக்கெடுப்பு, கூடு கண்காணிப்பு, கால்வளையமிடும் ஆய்வு ஆகியவற்றைத் தொடர்ந்து நடத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

விடுமுறை நாட்களில் சான் பெட்ரோ ஆற்றங்கரையில் பறவை பார்க்கப் போகிறவர்கள் நாங்கள். மனுவின் ஆங்கிலப் படியை இணைத்திருக்கிறோம். ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் அப்பா அம்மாக்கள் தாங்களும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவோம் என்றதால் தமிழிலும் எழுதினோம்.

தென்மேற்கு வில்லோ ஈப்பிடிப்பான் என்ற இந்தச் சிறு பறவை 1995இல் அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. எடை பன்னிரண்டு கிராம் அளவுதான். பாலைவனப் பகுதியில் வாழ்ந்தாலும் கூடு கட்ட அதற்கு ஈரமும், தண்ணீரை ஒட்டிய அடர்ந்த புதரும் வேண்டும். அணைகளும் நிலத்தடி நீர் இறைப்பும் மேய்ச்சலும் சேர்ந்து வில்லோப் புதர்களை (கிரிக்கெட் மட்டைக்கு வெட்டும் மரத்தின் சொந்தம்தான்) அழித்த இடங்களில், வெளிநாட்டிலிருந்து வந்த டாமரிஸ்க் என்ற புதர்மரம் மண்டிவிட்டது. வேறு வழியில்லாமல் பறவை அதிலும் கூடு கட்டப் பழகிக்கொண்டது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. டாமரிஸ்க்கை ஒழிக்க அதன் இலையைத் தின்னும் வண்டுகளை 2001இலிருந்து வெளியில் விட்டார்கள். 2006இல் யூட்டாவின் செயின்ட் ஜார்ஜ் பக்கம் விட்டவை வர்ஜின் ஆற்றோடு கீழே இறங்கி, கொலராடோ ஆற்றுப் பகுதிக்கும் வந்து சேர்ந்தன. இந்த ஈப்பிடிப்பானை முன்னிட்டு 2010இல் வேளாண் துறை அந்தத் திட்டத்தையே நிறுத்தியது. நிறுத்தச் சொன்னது வண்டுக்குத் தெரியுமா என்ன? கூட்டில் குஞ்சு இருக்கும் கோடையில் இலை கருகி உதிர்ந்தால், நாற்பது டிகிரி வெயில் நேராகக் கூட்டின் மேல் விழும். வண்டு இன்னும் வராத ஆற்றுப் பகுதிகளில் எந்தக் கூடு டாமரிஸ்க்கில், எது வில்லோவில் என்று இப்போதே வரைபடமாக்க வேண்டும். வில்லோ நட்டு அது அடர்ந்து வரச் சில ஆண்டுகள் பிடிக்கும். இலை உதிர்ந்த பிறகு நட்டால் அந்த ஆண்டுகளில் பறவை எங்கே போகும்?

கணக்கெடுப்பு பற்றி. பறவை காத்து நிற்கும் இடத்தை 'எல்லை' என்று எண்ணுகிறார்கள். 2002ஆம் ஆண்டு மீட்புத் திட்டம் ஆபத்து நிலையைக் குறைக்க வைத்த இலக்குகளில் ஒன்று 1,950 எல்லைகள். 2007 வரையான தொகுப்பில் இருந்தவை 1,299. இந்த எண்ணிக்கையை ஆண்டுதோறும் ஒரே முறையில், எல்லா மாநிலங்களிலும் சேர்த்து எடுத்தால்தான் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல முடியும். மேலும், பார்வைக்கு இதே போலிருக்கும், வில்லோ ஈப்பிடிப்பானின் வடக்கத்திக் கிளையினங்கள் ஜூன் நடு வரை இதே புதர்கள் வழியாக வலசை போகின்றன. தும்மலைப் போல 'ஃபிட்ஸ்-பியூ' என்று ஒலிக்கும் பாட்டும் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் மே மாதத்தில் கேட்டதை மட்டும் வைத்து எண்ணினால் கணக்கு பிசகும். ஜூன் 25 முதல் ஜூலை 17 வரையான கடைசிச் சுற்றுதான் இங்கேயே தங்கியிருக்கும் பறவையை உறுதிப்படுத்துகிறது. வெயில் கொளுத்தும் அந்தச் சுற்றுக்கு ஆளும் பணமும் குறையாமல் பார்த்துக்கொள்ளும்படி கேட்கிறோம்.

ஓரிடத்தை மட்டும் பார்த்தாலும் ஏமாந்துபோவோம். ரூஸ்வெல்ட் ஏரி வறட்சியில் வற்றியபோது வெளியே தெரிந்த ஏரிப்படுகையில் புதர் முளைத்து, பறவைகளும் பெருகின. 2005இல் ஏரி நிரம்பியதும் அந்தப் புதர்கள் நீரில் மூழ்கின. அங்கும் சான் பெட்ரோ, கிலா ஆறுகள் கூடும் பகுதியிலும் 1996 முதல் 2005 வரை பத்தாண்டுகள் வண்ணக் கால்வளையமிட்டு நடந்த ஆய்வால்தான், பறவைகள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாறிப் போவதை விவரமாக அறிய முடிந்தது. வண்டும் வறட்சியும் சேர்ந்துவிட்ட இந்தக் காலத்துக்கு அதே போன்ற நீண்ட ஆய்வு ஒன்று தேவை. எங்கள் கோரிக்கைகளில் முதன்மையானது இதுவே.

அப்புறம் கௌபேர்டு. நம்மூர்க் குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுவது போல இதுவும் ஈப்பிடிப்பான் கூட்டில் இடும். சில இடங்களில் பொறி வைத்துப் பிடிக்கிறார்கள், சரி. ஆனால் பிடித்த கௌபேர்டுகளின் எண்ணிக்கையோடு, எத்தனை கூட்டிலிருந்து ஈப்பிடிப்பான் குஞ்சுகள் பறந்தன என்பதும் பதிவாக வேண்டும்.

பாட்டை ஒலிக்கவிட்டுத் தேடும் இந்தக் கணக்கெடுப்புக்குப் பயிற்சியும் அனுமதியும் கட்டாயம் என்பது எங்களுக்குத் தெரியும். அப்படித்தான் இருக்க வேண்டும். எங்களில் சிலர் பயிற்சி பெற்று, விடியற்காலைச் சுற்றுகளுக்கு வரத் தயாராக இருக்கிறோம். அடுத்த மே மாதத்துக்கு முன் பயிற்சி வகுப்பு எங்கே, எப்போது என்று தெரிவித்து, மற்ற கோரிக்கைகள் மீது எடுக்கும் முடிவையும் எழுத்தில் அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
டூசான் வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள்

இணைப்பு: ஆங்கிலப் படி, கையெழுத்துத் தாள்கள்