தலை கழன்ற ஏழாம் நம்பர் கோல்ஃப் அயர்ன்

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு ராணிப்பேட்டையிலேயே வேலை அமைந்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

உன் கோல்ஃப் மட்டைகளில் ஏழாம் நம்பர் அயர்னின் (இரும்புத் தலை மட்டை) தலை கழன்றதற்குப் பசையைத் திட்டியிருக்கிறாய். பழி போடுவதற்கு முன் கழன்ற இரண்டு பக்கத்தையும் வெளிச்சத்தில் வைத்துப் பார். பசை முழுக்க ஹோசலுக்குள் (தலையில் தண்டு நுழையும் குழாய்) தங்கி, ஷாஃப்ட் (தண்டு) முனை பளபளவென்று இருந்தால் குரோம் பூச்சைச் சுரண்டாமல் ஒட்டியிருக்கிறார்கள். பசை ஷாஃப்டோடு வந்து ஹோசல் துளை வெறுமையாக இருந்தால், உள்ளே எண்ணெயோ துருவோ இருந்திருக்கும். நகத்தால் அழுத்தினால் பசை அமுங்குகிறதா? அப்படியானால் பசையும் ஹார்டனரும் (அதை இறுக வைப்பது) சரியான அளவில் கலக்கவில்லை. பெரும்பாலும் முதல் காரணம்தான்.

ஒட்டுவதற்கு முன் வெர்னியர் அளவுகோலில் ஷாஃப்ட் முனையை அளந்துகொள். அயர்ன் ஷாஃப்ட் இரண்டு வகை: பேரலல் (முனை ஒரே தடிமன்) என்றால் 0.370 அங்குலம் (9.40 மி.மீ.), டேப்பர் (நுனி நோக்கி ஒடுங்குவது) என்றால் நுனியில் 0.355 (9.02 மி.மீ.). பேரலல் துளையில் டேப்பர் ஷாஃப்ட் ஆடும். பித்தளை ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு) இல்லாமல் பசையை மட்டும் நிரப்பினால் தலை கோணலாக நிற்கும்.

பழைய பசையைத் துளையிலிருந்து முழுக்க எடு. ஷாஃப்ட் எவ்வளவு உள்ளே போகிறதோ (சுமார் ஒன்றேகால் அங்குலம்) அவ்வளவு நீளத்துக்கு 80 நம்பர் உப்புத்தாளால் குரோம் போகும்வரை தேய். இரண்டையும் அசிட்டோனால் துடை, அதன்பின் விரல் படக்கூடாது. ஃபெரூலை (ஹோசலின் வாயருகே ஷாஃப்டைச் சுற்றி வரும் வளையம்) முதலில் ஷாஃப்டில் ஏற்று. சரிபாதி அளவில் கலக்கும் இரட்டைக் குழாய் எபாக்ஸி பசை என்றால் ஒரு நிமிடமாவது கலந்து, முனையிலும் துளைச் சுவரிலும் தடவி, சுற்றிக்கொண்டே இறக்கு. தலை தரையில் இருக்க, சுவரில் சாய்த்து 24 மணி நேரம் விடு. தலைகீழாக வைத்தால் பசை ஷாஃப்டுக்குள் ஓடி, காய்ந்து, பின்னால் கலகலக்கும்.

ஐந்து நிமிடப் பசை வேண்டவே வேண்டாம். கத்திரி வெயிலில் கார் டிக்கியில் கிடக்கும் மட்டைக்கு அது தாங்காது. நம்மூர் கோடையில் எபாக்ஸி சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் ஒரு மட்டைக்கு வேண்டியதை மட்டும் கலந்துகொள்.

கிராஃபைட் ஷாஃப்ட் போட்ட டிரைவரையும் (தூரம் அடிக்கும் பெரிய தலை மட்டை) பிரிக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். அதில் மட்டும் அவசரம் கூடாது. ஸ்டீல் ஷாஃப்ட் என்றால் ஹோசலைச் சூடாக்கித் திருகி எடுக்கலாம். கிராஃபைட்டைத் திருகினால் நார் கிழிந்துவிடும். புல்லர் (ஷாஃப்டை இழுத்தெடுக்கும் கருவி) வைத்து நேராகத்தான் இழுக்க வேண்டும். முனையில் பெயிண்டை மட்டும் சுரண்டு, நாரைத் தொடாதே.

எடையையும் கவனி. தலையில் 2 கிராம் கூடினால் ஸ்விங் வெயிட் (வீசும்போது தலைப்பக்கம் உணரும் கனத்தின் அளவு) ஒரு புள்ளி ஏறும். நீளம் அரை அங்குலம் கூடினால் மூன்று புள்ளி. கிரிப் (கைப்பிடி உறை) நாலைந்து கிராம் கூடினால் ஒரு புள்ளி இறங்கும். எனவே பசை போடாமல் எல்லாவற்றையும் கோர்த்து முதலில் எடை போட்டுப் பார்.

கிரிப் வேலை எளிது. இரட்டைப் பக்க டேப்பை அரை அங்குலம் வெளியே விட்டு ஒட்டி, அதை ஷாஃப்ட் துளைக்குள் மடித்துவிடு. கிரிப் மூடியின் ஓட்டையை விரலால் அடைத்து டர்பன்டைன் ஊற்றிக் குலுக்கி, அதையே டேப்பின் மேல் கொட்டி ஒரே தள்ளாகத் தள்ளு. நேராக்கச் சில விநாடிதான் கிடைக்கும். சிலர் பெட்ரோல் ஊற்றுகிறார்கள். சமையலறைப் பக்கம் அந்த விளையாட்டு வேண்டாம்.

முனையின் அளவை எழுது. அதற்கு ஏற்ற ஃபெரூலை அடுத்த ஞாயிறு வரும்போது எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
ரவி