மூன்று மில்லிமீட்டர்

பர்பேங்க்,
அக்டோபர் 12

அன்புள்ள கதிருக்கு,

போனில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நீ பாதியில் "அம்மா, மீட்டிங், அப்புறம் கூப்பிடறேன்" என்பாய். நான் சொல்ல வந்ததோ பாதியில் நிறுத்தக்கூடிய விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன்.

உன் காரின் கூரையை அறுத்துவிட்டேன்.

பதறாதே. நீ விட்டுப்போன ஹோண்டா டிரைவ்வேயில் பத்திரமாக நிற்கிறது. நான் சொல்வது 1932 ஃபோர்டு கூப், அந்தக் கால இரண்டு கதவுக் காரின் பொம்மை. எட்டாம் வகுப்பில் வாங்கிய பிளாஸ்டிக் கிட். அல்ஜீப்ரா மார்க் குறைந்தது என்று நான்தான் அதைப் பெட்டியில் போட்டு மூடச் சொன்னேன். நீயும் மூடினாய். அப்புறம் நான் திறக்கச் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. ஏப்ரலில் கராஜை ஒழிக்கும்போது கிறிஸ்துமஸ் விளக்குகளுக்கு அடியில் கிடைத்தது. பாடி முழுக்க நீ பிரஷ்ஷால் பூசிய சிவப்பு. கண்ணு, கோபித்துக்கொள்ளாதே, அது ரசம்போல் வழிந்து காய்ந்திருந்தது.

லேபில் இருபத்திரண்டு வருடம் பல்செட்டும் கிரவுனும் செய்த கை, வேலையை விட்டு ஆறு மாதம் சும்மா இருந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்ததும் அரிப்பு எடுத்துவிட்டது. ஊதா நிற டிகிரீசரில் இரண்டு நாள் ஊறவைத்து, கையுறை போட்டுக்கொண்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். பெயின்ட் தோல் தோலாக உரிந்து வந்தது. ஏன் உரித்தேன் என்றால், இது 25-இல் ஒரு பங்கு அளவு. நீ பூசியது ஒரு கால் மில்லிமீட்டர் இருக்கும். அதை 25-ஆல் பெருக்கிப் பார். நிஜக் காரில் ஆறு மில்லிமீட்டருக்கு மேல் கனமாகப் பெயின்ட் அப்பின மாதிரி. கதவு இடுக்கெல்லாம் தூர்ந்து போயிருந்தது.

அத்தோடு நிறுத்தி, சுத்தமாகக் கட்டி, உனக்குப் போட்டோ அனுப்பியிருக்கலாம். ஆனால் உன் அப்பா ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாப்ஸ் பிக் பாய் உணவகத்துக்குக் கூட்டிப்போனார். ஞாபகம் இருக்கிறதா, வெள்ளிக்கிழமைகளில் பார்க்கிங்கில் பழைய கார்களாக வந்து நிற்குமே. சின்ன வயதில் நீ மில்க் ஷேக்கிலேயே குறியாக இருப்பாய், நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். இந்த முறை ஒரு கறுப்பு '32 கூப் நின்றது. கூரை தாழ்ந்து, ஜன்னலெல்லாம் இடுங்கி, யாரையோ முறைக்கிற மாதிரி. பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியவரிடம், ஏன் இதன் கூரை மட்டும் இப்படி என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஒன்றரை மணி நேரம் பேசினார். உன் அப்பா இரண்டு தடவை காபி வாங்கி வந்தார்.

இப்படி வெட்டி மாற்றிய பழைய காரைத்தான் ஹாட் ராட் என்கிறார்கள். இவ்வளவு நாள் அது பணக்காரர்களின் பளபளப்பு விளையாட்டு என்று நினைத்திருந்தேன். நேர் எதிராம். கையில் காசில்லாத பையன்கள், யாரும் சீண்டாத பழைய ஃபோர்டுகளை வாங்கி, மட்கார்டையும் பானெட்டையும் கழற்றி எறிந்து கனத்தைக் குறைத்து, பழைய இரும்புக் கடையில் கிடைத்த பாகத்தை மாட்டி, நமக்கு வடக்கே இருக்கிற வறண்ட ஏரிகளுக்கு ஓட்டிப் போவார்கள். ஏரி என்றால் தண்ணீர் கிடையாது, கெட்டியான களிமண் தரை. மியூராக், எல் மிராஜ். அவனவன் இஷ்டத்துக்கு ஓட்டி அடிபட்டதால், 1937-இல் கிளப்புகள் சேர்ந்து எஸ்சிடிஏ (சதர்ன் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன்) என்று ஒரு சங்கம் வைத்து, நேரம் குறித்து, முறையாக ஓட ஆரம்பித்தார்கள். போர் வந்ததும் மியூராக்கை விமானப்படை எடுத்துக்கொண்டது. இன்றைய எட்வர்ட்ஸ் தளம் அதுதான். போர் முடிந்து வந்த பையன்கள் போர் விமானங்களின் உபரி பெட்ரோல் டாங்க்கைக்கூட விடவில்லை, அதற்குள் இன்ஜினை வைத்து ஓட்டினார்கள். கூரையை அறுத்ததும் அந்த ஏரியில்தான் வேலை செய்தது. முன்பக்கம் காற்றை முட்டுகிற பரப்பு குறைந்தால் வேகம் கூடும். அழகெல்லாம் பிறகு வந்தது.

கேட்கக் கேட்க எனக்கு உன் அப்புச்சி ஞாபகம். கோயம்புத்தூர் கணபதியில் அவர் லேத் பட்டறைக்கு வரும் புல்லட் பைக்கை ரீபோர் பண்ணி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுக் கொடுப்பார். தேய்மானத்துக்குப் பாதி, அடுத்த தெருக்காரனை முந்துவதற்குப் பாதி. இங்கேயும் அதேதான் செய்திருக்கிறார்கள். சிலிண்டரைப் பெரிதாகக் குடைவது, ஹெட்டைச் சீவிக் கம்ப்ரஷனை ஏற்றுவது, ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் மூன்று.

அந்த இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். 1932-இல் ஃபோர்டு கொண்டுவந்த பிளாட்ஹெட் வி8. எட்டு சிலிண்டர் என்றாலே செல்வந்தர் வண்டி என்றிருந்த காலம். ஃபோர்டு முழு பிளாக்கையும் ஒரே வார்ப்பில் எடுத்து, சாதாரண ஆளுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கொடுத்தது. 221 கன அங்குலம், 65 குதிரைத் திறன். ஒரு பெரிய கோளாறும் உண்டு: எக்ஸாஸ்ட் வழி பிளாக்குக்கு உள்ளேயே, தண்ணீர் ஓடும் இடத்தை ஒட்டிப் போகிறது. அதனால் சீக்கிரம் சூடேறும். நடு இரண்டு சிலிண்டருக்கும் ஒரே வாய் என்பதால் பக்கத்துக்கு மூன்று எக்ஸாஸ்ட்தான், நான்கு இல்லை. பெரியவர் சொல்லியிருக்காவிட்டால் நான் பக்கத்துக்கு நான்கு குழாய் ஒட்டியிருப்பேன்.

உன் பெட்டியில் இருந்தது பிற்கால வி8. பழைய மாதிரி காருக்கு அது ஒட்டவில்லை. ஒரு சந்தையில், யாரோ பாதி கட்டிக் கைவிட்ட 1940 ஃபோர்டு கிட் ஐந்து டாலருக்குக் கிடைத்தது. அதிலிருந்து பிளாட்ஹெட்டைப் பிடுங்கிக்கொண்டேன். வேறு வண்டியின் இன்ஜினை இன்னொன்றில் வைப்பது ஏமாற்று வேலை என்று முதலில் உறுத்தியது. அப்புறம்தான் உறைத்தது, நிஜ ஹாட் ராடே அப்படித்தானே பிறந்தது.

சரி, கூரைக்கு வருகிறேன். மூன்று அங்குலம் குறைப்பதென்று முடிவு செய்தேன். 25-ஆல் வகுத்தால் மூன்று மில்லிமீட்டர். சொல்லும்போது ஒன்றுமே இல்லை போலிருக்கிறது. ஃபைவ் விண்டோ கூப்பில் கதவுக்கு ஒன்று, கதவுக்குப் பின்னால் ஒன்று என்று இரண்டு பக்கமும் நான்கு ஜன்னல், பின்னால் ஒன்று. அத்தனை தூணிலும் ஒரே உயரத்தில் டேப் ஒட்டிக் கோடு போட்டு, மெல்லிய ரம்பத்தால் அறுத்தேன். அந்த இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. நோயாளியின் அச்சு உடைந்தால் டாக்டரைக் கூப்பிட்டு இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். இது உன் கார். அறுத்தது அறுத்ததுதான்.

மறுநாள்தான் தெரிந்தது, மூன்று மில்லிமீட்டர் எடுப்பது வேலையே இல்லை. தூண்கள் மேலே போகப் போக உள்வாங்குகின்றன. நடுவில் ஒரு துண்டை எடுத்ததும் மேல்பாதி குறுகலாகவும் கீழ்பாதி அகலமாகவும் நிற்கிறது, ஒன்றோடு ஒன்று உட்காரவில்லை. நிஜ கார்களிலும் இதே தொல்லைதானாம். கூரையை நெடுக்கிலும் குறுக்கிலும் வெட்டி நடுவே தகடு வைப்பார்கள், இல்லையென்றால் தூண்களைச் சாய்ப்பார்கள். நான் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் செய்தேன். கூரையில் அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் பட்டை, தூணில் லேசான சாய்வு. இடைவெளியைப் புட்டியால் அடைத்து, 400-இல் தொடங்கி 1000 வரை உப்புத்தாள். பிரைமர் அடித்ததும் எல்லாக் குறையும் வெளியே வரும், திரும்பப் புட்டி, திரும்ப உப்புத்தாள். இப்படி ஏழு தடவை. உன்னை ஒரே ஒரு தடவை அல்ஜீப்ரா தாளைத் திரும்பப் போடச் சொன்னதற்கு நீ அழுதாய்.

நிறத்தில் எனக்கும் உன் அப்பாவுக்கும் சண்டை. அவருக்கு கேண்டி சிவப்பு வேண்டும். அது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அடியில் தங்கமோ வெள்ளியோ, மேலே ஒளி ஊடுருவும் சிவப்பு, வெளிச்சம் உள்ளே போய் அடியில் பட்டுத் திரும்பி வருகிறது. போர்சலின் பல்லுக்கும் இதே சூத்திரம்தான், அடியில் ஒளி புகாத ஒன்று, மேலே பால்போல் ஒன்று. ஜோ பெய்லன் என்ற கலிஃபோர்னியாக்காரர் பெயரைத்தான் கேண்டி ஆப்பிளுக்குச் சொல்கிறார்கள். ஆனால் சின்ன காருக்கு இதில் ஒரு சிக்கல். அடியில் அடிக்கும் மெட்டாலிக்கில் மினுக்குத் துகள் கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் ஜிகினா ஒட்டிய கொலு பொம்மையாகிவிடும். அதோடு எனக்கு அந்தக் கண்காட்சி வகைக் கார்களே பிடிப்பதில்லை. நீ பல் முளைக்கும்போது கடித்த ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார் ஒன்று, கண்ணாடிக் குமிழி போட்ட பீட்னிக் பாண்டிட், அதன் நிஜக் கார் எட் ராத் செய்தது, ரீனோவில் மியூசியத்தில் இருக்கிறது. கெட்டிக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் ஏறி யார் ஏரிக்குப் போவது? கறுப்பு என்று சொல்லிவிட்டேன்.

கறுப்பு என் கர்வத்தை அடக்கியது. ஜூன் மாதக் காலை மூட்டத்தில், கராஜ் கதவைத் திறந்து வைத்து லாக்கர் ஸ்பிரே அடித்தேன். காற்றில் ஈரம் இருந்தால் லாக்கர் வெளுத்துப் போகும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது, நான் படிக்கவில்லை. சாம்பல் பூத்த கரி மாதிரி ஆகிவிட்டது. உரித்துவிட்டு, வெயில் காய்ந்த ஒரு மதியம் டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து எடுத்து, மெல்லிய பூச்சாக ஐந்து. ஒரு முடி விழுந்தது. யாருடையது என்று கேட்காதே. இரண்டு வாரம் காயவிட்டு, 3200-இலிருந்து 12000 வரை நம்பர் போட்ட மெருகுத் துணிகளை ஈரமாக்கித் தேய்த்து மெருகேற்றினேன். விளிம்பில் கொஞ்சம் அழுத்திவிட்டேன், இடது கதவின் கீழ் ஓரத்தில் பிரைமர் எட்டிப் பார்க்கிறது. அதைத் திரும்ப அடிக்கத் தெம்பில்லை. இடது பக்கம் சுவரைப் பார்க்க நிற்கிறது.

கண்ணாடியிலும் ஒரு கூத்து. உயரம் மாறிவிட்டதால் பெட்டியில் வந்தது பொருந்தாது, தெளிவான அசிடேட் தாளில் வெட்டினேன். சூப்பர் குளூவால் ஒட்டினேன், அதன் ஆவி பட்டுக் கண்ணாடி முழுக்க வெள்ளைப் பனி. உங்கள் மினியாபொலிஸ் காலைநேரம் மாதிரி. திரும்ப வெட்டி, காய்ந்தால் தெளிவாகும் வெள்ளைப் பசையால் ஒட்டினேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வயரிங். அந்தக் கால நிஜ பிளக் வயர் ஏழு மில்லிமீட்டர், நமக்கு 0.28. பழைய ஹெட்போனை உடைத்து உள்ளே இருந்த இழையை எடுத்தேன். பிளாட்ஹெட்டில் ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டர் இன்ஜினின் மூக்கில் உட்கார்ந்திருக்கும். அதன் மூடியில் கை டிரில்லால் எட்டுத் துளை, கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரு மதியம் முழுக்க. ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் பற்றுகிற வரிசை, 1-5-4-8-6-3-7-2. அந்த வரிசைப்படியே இழுத்திருக்கிறேன். வயர்கள் ஹெட்டின் மேல் ஒரு குழாய்க்குள் போய் மறைந்துவிடுகின்றன. யார் பார்க்கப் போகிறார்கள் என்றார் உன் அப்பா. பல்செட்டின் உள்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் நாக்குக்குத் தெரியும் என்றேன். அதற்கு அவர், இந்தக் காருக்கு ஏது நாக்கு என்றார். அதுவும் சரிதான்.

போன மாதம் இருவரும் எல் மிராஜ் போய் வந்தோம். போட்டி இல்லாத நாள். பாளம் பாளமாக வெடித்த தரை, கண்ணுக்கெட்டும் தூரம் வரை ஒன்றுமில்லை. கொஞ்சம் மண் அள்ளி டப்பாவில் கொண்டுவந்து, வெயிலில் காயவைத்து, டீ வடிகட்டியில் சலித்தேன். மஞ்சள் கலந்த வெளிர் நிறம். டயரிலும் சேஸிஸின் அடியிலும் மட்டும் தடவியிருக்கிறேன். பாடியில் தடவ மனசு வரவில்லை, அவ்வளவு பாடுபட்டு மெருகேற்றிவிட்டு. உன் அப்பா இதை ஒப்புக்கொள்ளவில்லை: ஏரியில் ஓடிய காரின் டயரில் மட்டும் தூசி இருக்குமா என்கிறார். நீயே வந்து பார்த்துச் சொல்.

நிஜமாகவே கோபமா? உன்னைக் கேட்காமல் அறுத்தது தப்புதான். கேட்டிருந்தால் "உன் இஷ்டம்மா" என்றிருப்பாய், அதைக் கேட்க எனக்குப் பிடித்திருக்காது. பழையபடி உயரமான கூரையோடு வேண்டும் என்றால் இன்னொரு பெட்டி வாங்கித் தருகிறேன், அது இப்போதும் கிடைக்கிறது. ரம்பத்தை ஒளித்து வைத்துக்கொள்ளச் சொல்லி உன் அப்பாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

தேங்க்ஸ்கிவிங்குக்கு டிக்கெட் போட்டாயா? போடும்போது திங்கட்கிழமை திரும்புகிற மாதிரி போடு, ஞாயிறு கூட்டத்தில் மாட்டாதே. நான்கு நாள் இருந்தால் போதும், உன் அறை மேஜையில் இன்னொரு பெட்டி பிரிக்காமல் வைத்திருக்கிறேன். 1929 ஃபோர்டு மாடல் ஏ, ரோட்ஸ்டர். அதற்குக் கூரையே கிடையாது. நான் அறுக்க ஒன்றும் இல்லை.

அன்புடன்,
அம்மா