அப்பத்தாவின் தூக்கம் குறித்து

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. யாங்கோனில் எல்லோரும் நலம். அப்பத்தாவின் இராத்தொல்லைக்குத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமே என்று நீ கேட்டபோது தொலைபேசியில் நான் பிடிகொடுத்துப் பேசவில்லை. நிதானமாக எழுத வேண்டிய செய்தி அது.

பொழுது சாயும் வேளையில் அவர் பதற்றம் கொள்வதும், 'என்னை ஊருக்குக் கூட்டிப் போ' என்று வாசலுக்கு நடப்பதும், பகலெல்லாம் கண்ணயர்வதும் அல்சைமர் என்னும் மறதிநோய் செய்கிற வேலைதான். கண் நரம்புகள் இரண்டும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸில், சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு திரள் இருக்கிறது. கண் வழியே வரும் வெளிச்சத்தைக் கொண்டு உடலுக்கு இரவு பகலை அறிவிப்பதும், இருட்டியபின் உறக்கத்துக்கு உதவும் மெலட்டோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கச் செய்வதும் அதுவே. இந்நோயில் அந்த அணுக்களும் அழிகின்றன, மெலட்டோனினும் குறைகிறது. போதாக்குறைக்கு இங்கே மாலையில் மின்சாரம் போய்விடுகிறது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் சுவரில் நிழல் அசைந்தால் யாரோ நிற்பதாகவே எண்ணிக்கொள்கிறார்.

மாத்திரை இந்த வயதில் குழப்பத்தைக் கூட்டும். நள்ளிரவில் எழுந்து தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பிறகு படுக்கைதான். மருத்துவரும் அதைக் கடைசியாகப் பார்க்கலாம் என்கிறார். ஆகவே காலையில் வெயில் படும்படி அவரை முற்றத்தில் உட்கார வைக்கிறோம். உன் அம்மா அங்கேயே தனாக்கா மரப்பட்டையை அரைத்து முகத்தில் பூசிவிடுகிறாள். பிற்பகல் உறக்கத்தைச் சுருக்கி, மதியத்துக்குப் பின் தேநீரையும் நிறுத்திவிட்டோம். இருட்டும் முன்பே சார்ஜ் விளக்கை ஏற்றிவிடுகிறோம். முழுதும் சரியாகவில்லை என்றாலும் வாசலுக்கு நடப்பது குறைந்திருக்கிறது.

தூக்கம் கெடுவதால் நோய் வருகிறதா என்றும் கேட்டிருந்தாய். ஓரிரவு முழுதும் விழித்தாலே இந்நோயில் மூளையில் படிகிற அமிலாய்டு புரதம் கூடுவதை அளந்திருக்கிறார்கள். பிரிட்டனில் ஏறக்குறைய 8,000 பேரை 25 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், 50 வயதில் ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ உறங்கியவர்களுக்கு மறதிநோய் அதிகம் வந்திருந்தது. தொடர்பு தெரிகிறதே ஒழிய, அதுவே காரணமென்று இன்னும் நிறுவப்படவில்லை. ஆகையால் வீண் அச்சம் வேண்டாம். ஆனாலும் இரவுப் பணி முடிந்து வந்ததும் சன்னலுக்குக் கனத்த திரையிட்டு உறங்கப் பார், கைப்பேசியோடு படுக்காதே.

இனி மாலையில் அழைக்காதே. அந்நேரம் உன் குரல் கேட்டால் நீ வாசலில் நிற்பதாக நினைத்து எழுந்துவிடுகிறார். சிங்கப்பூரில் காலை பத்தரை ஆகும்போது இங்கு ஒன்பது மணி. உன் விடுமுறை நாளில் அந்நேரத்தில் அழைத்தால் அவர் தெளிவாகப் பேசுவார்.

அன்புடன்,
அப்பா