‘இடையிடையே நகைச்சுவை’ என்று இனி அச்சடிக்க வேண்டாம்

நீலகிரி மாவட்டத்தின் ஊர்த் திருவிழாக் குழுவினருக்கும், எஸ்டேட் கோயில் கமிட்டியாருக்கும், பள்ளி ஆண்டு விழா நடத்தும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

சித்திரை பிறந்தால் ஊட்டி மாரியம்மனுக்கும் குன்னூர் தந்தி மாரியம்மனுக்கும் தேர். மே மாதம் கோத்தகிரியில் காய்கறிக் கண்காட்சி, கூடலூரில் வாசனைத் திரவியக் கண்காட்சி, ஊட்டியில் மலர், குன்னூரில் பழம். இவற்றுக்கு நடுவே படுகர் ஊர்களான ஹட்டிகளிலும் எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளான லயன்களிலும் சின்னச் சின்னத் திருவிழாக்கள். மாலையானால் எங்காவது ஒரு மேடை இருக்கும். அந்த மேடைக்கான நோட்டீஸைக் கையில் எடுத்தால் கீழே ஒரு வரி இருக்கும்: ‘மாபெரும் இன்னிசைக் கச்சேரி, இடையிடையே நகைச்சுவை’. அந்த ‘இடையிடையே’ என்ற சொல்லைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

கஷ்டப்பட்டு மேலே வந்த நகைச்சுவை நடிகர்களைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கஷ்டத்தை மட்டும் பேசுகிறார்கள். என்.எஸ்.கிருஷ்ணன் நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார், வடிவேலு மதுரையில் போட்டோவுக்குச் சட்டம் போடும் வேலை பார்த்தார், சூரி திருப்பூருக்குப் பிழைக்கப் போனார் என்பதெல்லாம் உண்மை. ஆனால் கஷ்டம் நம் ஊரில் எந்த லயனில் இல்லை? தேயிலை மூட்டை தூக்கும் பிள்ளைகளில் ஊரையே சிரிக்க வைக்கும் வாய் உள்ளவர்கள் ஒவ்வொரு டிவிஷனிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இல்லாதது மேடை. என்.எஸ்.கே., சிறுவர்களைக் கொண்டு நாடகம் போடும் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்து, நாள் தவறாமல் கூட்டத்தின் முன் நின்ற பிறகுதான் 1935இல் ‘மேனகா’வும் 1936இல் ‘சதி லீலாவதி’யும் வந்தன. நம் மலைக்குக் கீழே தாராபுரத்துப் பக்கம் பிறந்த நாகேஷ், ரயில்வே குமாஸ்தா வேலைக்கு நடுவே நாடகம் போட்டார். உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் கவுண்டமணியும் நாடக மேடையில் தேறியவர். சூரிக்கு 2009இல் ‘வெண்ணிலா கபடிக்குழு’வின் பரோட்டாக் காட்சி, கதாநாயகனாக ‘விடுதலை’ வந்தது 2023இல். நடுவில் 14 வருஷம். சிரிப்பு என்பது நூறு முறை ஆள் முன்னால் சொல்லி, நூறு முறை திருத்தி, அதன் பிறகு நிலைக்கிற தொழில்.

நாடகக் கம்பெனிகள் போய்விட்டன. 2005இல் ‘கலக்கப்போவது யாரு’ வந்த பிறகு சிவகார்த்திகேயன் போன்றவர்களுக்குத் தொலைக்காட்சி ஒரு வாசலைத் திறந்தது. ஆனால் தேர்வுக்கு வரச் சொல்கிறவர்கள், பழகித் தேறிய இரண்டு மூன்று நிமிடத்தைத்தான் பார்க்க விரும்புகிறார்கள். அதை எங்கே பழகுவது? உங்கள் மேடையில்தான். வேறு இடம் இந்த மலையில் இல்லை.

அதனால் அந்த மேடையில் என்னென்ன கெடுகிறது, எப்படிச் சரிசெய்வது என்று வரிசையாகச் சொல்கிறோம். பெரிய செலவு எதுவும் கிடையாது.

முதலில் நேரம். ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. அரசு தனியாகத் தளர்த்துகிற சில நாட்களில் மட்டும் 12 வரை உண்டு. 6 மணி என்று போட்ட விழா 7 மணிக்குத் தொடங்குகிறது. வரவேற்புரை, பொன்னாடை, நன்கொடையாளர் பெயர், பரிசளிப்பு முடிய 8.30. பிறகு கச்சேரி. காவலர் கைக்கடிகாரத்தைப் பார்க்கும் 9.50க்குத்தான் அறிவிப்பாளர் ‘இப்போது நகைச்சுவை’ என்கிறார். அதற்குள் கடைசி பஸ்ஸுக்குப் பாதிக் கூட்டம் போயிருக்கும், குழந்தைகள் தூங்கியிருக்கும். தயவுசெய்து 7.15க்கு, பொன்னாடைகளுக்கு முன்னால், ஒரே துண்டாக 12 நிமிடம் கொடுங்கள். இரண்டு பாட்டுக்கு நடுவே மூன்று மூன்று நிமிடமாகப் பிய்த்துக் கொடுத்தால், கலைஞர் கூட்டத்தைத் தன் பக்கம் திருப்பும்போதே டிரம்ஸ் தொடங்கிவிடும்.

தலைமை விருந்தினரை அந்த 12 நிமிடமும் உட்கார வையுங்கள். நாகேஷின் கதையில் எல்லோரும் சொல்வது, ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரராகச் சில நிமிடமே வந்தவரை, தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர். மேடையிலேயே பாராட்டினார் என்பது. அவர் கடைசி வரை இருந்து பார்த்ததால்தான் அது நடந்தது. சால்வை வாங்கியதும் கார் ஏறுகிற விருந்தினரால் யாருக்கும் அப்படி ஒரு வார்த்தை கிடைக்காது.

அடுத்தது மைக்செட். இதில்தான் அதிகம் கெடுகிறது, மலையில் இருப்பதாலேயே கெடுகிறது. கச்சேரிக்காகப் பாடகர் குரலில் எக்கோ வைத்திருப்பார்கள். அதே மைக்கை நகைச்சுவைக்காரர் கையில் கொடுத்தால் சொல் மேல் சொல் ஏறி விழும். சிரிப்பு வருவது கடைசிச் சொல்லில். அந்தச் சொல்லே குழம்பினால் கூட்டம் ‘என்ன சொன்னான்?’ என்று பக்கத்தில் கேட்கும். மைக்குகளின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பெட்டியில், பேசுகிறவருக்கென்று ஒரு சேனலை எக்கோ இல்லாமல் தனியாக வைக்கச் சொல்லுங்கள். ஒரு குமிழைத் திருப்புகிற வேலை.

அதைச் செய்த பிறகும் எதிர்மலையின் எதிரொலி இருக்கும். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் தேயிலைச் சரிவு 170 மீட்டரில் இருந்தால், சொன்ன சொல் ஒரு விநாடியில் திரும்ப வந்து அடுத்த வாக்கியத்தின் மேல் மோதும். அடுத்த ஊருக்கும் கேட்க வேண்டுமென்று மரத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர்கள்தான் இதற்குக் காரணம். அந்த 12 நிமிடத்துக்கு வெளிக் குழாய்களை அணைத்துவிட்டு, மேடையின் இரு பக்கப் பாக்ஸ்களை மட்டும் போடுங்கள். அவற்றையும் கூட்டத்தின் தலை மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள். குழாயில் இன்னொரு குறை, கட்டையான குரல் அதில் வராது. ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குழாய் விழுங்கிவிடும். மிமிக்ரி செய்கிறவர் கனத்த குரல் நடிகரை எவ்வளவு அச்சாகப் பேசினாலும், வெளியே எல்லாம் ஒரே தகரக் குரலாகத்தான் கேட்கும். குறை குழாயில் இருக்க, பெயர் கெடுவது பேசியவருக்கு.

மைக் வயர் வைத்த கைமைக்காக இருக்கட்டும். வாயிலிருந்து இரண்டு விரல் தூரம். வலையை உள்ளங்கையால் மூடிப் பிடித்தால் ‘கீ...’ என்று கத்தும் என்பதை வருகிற பிள்ளைக்கு முன்பே சொல்லுங்கள். காலர் மைக் வேண்டாம், தலையைத் திருப்பினாலே குரல் போய்விடும். வயர்லெஸ்தான் இருக்கிறதென்றால் புது பேட்டரியை மேடை ஏறும்போது போடுங்கள், அதுவரை சட்டைப்பையில் உடம்புச் சூட்டில் இருக்கட்டும். குளிரில் சாதாரண பேட்டரி சீக்கிரம் தளரும். ஆறு மணிக்கு முழுதாகக் காட்டியது ஒன்பது மணிக்கு அணையும். மஞ்சு இறங்கும் இரவில் மைக்கின் பஞ்சு உறை நனைந்து குரல் மங்கும். மாற்று உறை இரண்டு இருந்தால் போதும்.

ஜெனரேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. சீரியல் விளக்கையும் மைக்செட்டையும் ஒரே இணைப்பில் மாட்டாதீர்கள். அலங்கார விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரியும் நொடியில் வோல்டேஜ் விழுந்து மிக்சர் அணைந்து எழும்.

இனி முகம். நகைச்சுவையில் பாதி முகத்தில் இருக்கிறது. சிவப்பும் நீலமுமாக மாறி மாறி அடிக்கும் விளக்கில் புருவம் ஏறுவது யாருக்குத் தெரியும்? முன்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வெள்ளை விளக்கு, தலைக்கு மேலிருந்து சாய்வாக, ஆடாமல் அசையாமல். வண்ண விளக்கும் புகையும் பாட்டுக்கு இருக்கட்டும்.

கூட்டத்தின் விஷயம் சமவெளிக்காரர்களுக்குப் புரியாது, உங்களுக்குப் புரியும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். ஜனவரி இரவில் கைகள் சால்வைக்குள், வாய் மஃப்ளருக்குள். கை தட்ட மாட்டார்கள் என்றில்லை, கையை வெளியே எடுக்க மாட்டார்கள். சிரிப்பும் கம்பளிக்குள்ளேயே அடங்கிவிடும். மேடையில் நிற்கிறவருக்கு ஒரு சத்தமும் வராது. பழக்கமில்லாத பிள்ளை, நகைச்சுவை எடுபடவில்லை என்று நினைத்து வேகத்தைக் கூட்டும், அடுத்தடுத்து எல்லாம் கெடும். இதற்கு மருந்து நெருக்கம். முதல் வரிசை மேடையிலிருந்து இரண்டு மீட்டருக்குள் இருக்க வேண்டும். பிரமுகர்களுக்குப் போட்ட நாற்காலி காலியானால் உடனே குழந்தைகளையும் பாட்டிமார்களையும் அங்கே உட்கார வையுங்கள். காலி நாற்காலி நான்கு வரிசை கிடந்தால் சிரிப்பு அதைத் தாண்டாது. தீ மூட்டுவதாக இருந்தால் மைதான ஓரத்தில் வேண்டாம், கூட்டம் அங்கே போய் நின்று மேடைக்கு முதுகைக் காட்டும்.

வேஷம் போடுகிற பிள்ளைகளுக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள். மறைந்த ரோபோ சங்கருக்கு அந்தப் பெயர் வந்ததே, உடம்பெங்கும் வெள்ளிப் பூச்சோடு ஊர் மேடைகளில் ரோபோ மாதிரி ஆடியதால். அதைப் பார்த்து இன்னும் பலர் செய்கிறார்கள். கதவுக்கு அடிக்கிற பெயின்ட் உடம்புக்கு ஆகாது; தோலுக்கென்று விற்கிற பூச்சு இல்லையென்றால் அந்த வேஷமே வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். பூச்சைக் கழற்றத் தேங்காய் எண்ணெய் வேண்டும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். நம் ஊரில் இரவு பத்து மணிக்குப் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது. வெந்நீர்ப் பாத்திரத்தில் பாட்டிலைப் பத்து நிமிடம் நிறுத்தி வையுங்கள். குளிக்க ஆளுக்கு ஒரு பெரிய வாளி வெந்நீர். பூச்சுப் போட்ட உடம்போடு ஒரு பையனைப் பனியில் ஜீப்பின் பின்னால் ஏற்றி அனுப்புவது பாவம்.

மேடை ஏறுவதற்குச் சற்று முன் பால் டீ கொடுப்பது நம் உபசாரம். அது தொண்டையில் பிசுக்காக நிற்பது போல் இருக்கும். சுக்குக் காப்பியோ வெறும் வெந்நீரோ கொடுங்கள், டீயை இறங்கி வந்த பிறகு கொடுக்கலாம்.

என்ன பேச வேண்டும் என்பதில் தலையிடச் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டாம், ஒன்றைக் கேளுங்கள். ‘ரஜினி குரல் பண்ணு, கேப்டன் குரல் பண்ணு’ என்று மட்டுமே கேட்க வேண்டாம். அந்தக் குரல்களை எல்லா ஊரிலும் எல்லோரும் செய்கிறார்கள். வடிவேலு மதுரைப் பேச்சைக் கொண்டு வந்தார், கவுண்டமணி கொங்குப் பேச்சைக் கொண்டு வந்தார். நம்மிடம் நான்கு பேச்சாவது இருக்கிறது: படுகர்களின் படுகு, மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்த கொங்குத் தமிழ், 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களின் மலையகத் தமிழ், கூடலூர் பந்தலூரின் மலையாளம் கலந்த தமிழ். இந்த நான்கும் ஒரே பஸ்ஸில் உட்கார்ந்து ஒன்றையொன்று புரியாமல் பேசிக்கொள்வதே ஒரு முழு நிகழ்ச்சி. அதை மேடையில் கேளுங்கள். ஒருவரின் நிறத்தை, உடம்பை, சாதியை இழுத்துச் சிரிக்க வைப்பதையும், பெண் வேஷம் கட்டிவிட்டு அசிங்கமாகப் பேசுவதையும் வேண்டாம் என்று ஒப்புக்கொள்ளும்போதே சொல்லிவிடுங்கள்.

பணம்: பயணச் செலவு தனி, பேசிய தொகையில் பாதி மேடை ஏறும் முன். மழையால் விழா நின்றாலும் பயணச் செலவு உண்டு. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பதிவைப் பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம். கூட்டத்தில் யாரோ செல்போனில் எடுத்தது தேர்வுக்கு உதவாது; அதில் குழாய்ச் சத்தமும் பக்கத்துக் குழந்தையின் அழுகையும்தான் இருக்கும். மிக்சரில் பதிவுக்கென்று ஒரு வாய் இருக்கிறது. அதிலிருந்து வயர் இழுத்து ஒரு ரெக்கார்டரில் குரலைத் தனியாகப் பிடியுங்கள். போனை ஸ்டாண்டில் படுக்கை வாட்டில், மேடையிலிருந்து எட்டுப் பத்து மீட்டரில் வைத்து, தலை முதல் முழங்கால் வரை தெரிய, வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். கூட்டத்தின் சிரிப்பு போனில் கேட்கும், குரல் ரெக்கார்டரில் இருக்கும். இரண்டையும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். மறுநாளே அந்தப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நீலகிரி எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகலாம். அது இல்லாமல் போகிறவர்கள் அங்கே கூட்டத்தோடு கூட்டமாக நிற்பார்கள், இங்கே படப்பிடிப்பு வந்தால் நிற்பது போலவே.

பள்ளி ஆசிரியர்களுக்கு: ஆண்டு விழாவில் பத்து நடனத்துக்கு நடுவே ஒரு தனிநடிப்பு, மூன்று நிமிடம். எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். வகுப்பில் எதைச் சொல்லி மற்ற பிள்ளைகளைச் சிரிக்க வைக்கிறதோ அதையே மேடையில் சொல்லட்டும்.

வரும் திருவிழாவுக்கு நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் அந்தக் கடைசி வரியை எடுத்துவிடுங்கள். அதன் இடத்தில் இப்படி இருக்கட்டும்: ‘மாலை 7.15 மணி: நகைச்சுவை’, அடுத்து அந்தப் பிள்ளையின் பெயர், அடுத்து ஊரின் பெயர். பெயரைக் கச்சேரிக்குழுப் பெயர் அளவுக்கே பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
குன்னூர், கோத்தகிரி, கூடலூர் வட்டங்களில் மேடை நகைச்சுவை செய்வோரும் மைக்செட் போடுவோரும்